அனுப்பியது ஒன்று, போனது வேறொன்று

வேறோர் ஊரில் இருக்கும் கணினியிடம் வேலை வாங்குவதை, தன் கணினிக்குள்ளேயே ஒரு ஃபங்ஷனை அழைப்பதைப் போல எளிதாக்குவதுதான் ஆர்.பி.சி. எனப்படும் ‘ரிமோட் புரொசீஜர் கால்’ முறையின் நோக்கம். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் இருவரும் இதைச் செய்துகாட்டி 1984இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அழைக்கும் பக்கத்தில் ‘ஸ்டப்’ என்றொரு சிறு நிரல் இருக்கும். புரோகிராமர் தரும் மதிப்புகளை அது மூட்டை கட்டி அனுப்பும். வரும் பதிலைப் பிரித்துக் கொடுக்கும். நடுவில் நெட்வொர்க் என ஒன்று இருப்பதே அவர் கண்ணில் படாது. 1998இல் வந்த எக்ஸ்.எம்.எல்.-ஆர்.பி.சி., பிறகு சோப், 2015இல் கூகுள் வெளியிட்ட ஜி.ஆர்.பி.சி. எல்லாம் இதே வம்சம்தான். கண்ணில் படாமல் இருப்பது நல்ல நாளில் வசதி. கோளாறு வரும் நாளில் அதுவே தொல்லை. அதனால்தான், உண்மையில் வெளியே போன கோரிக்கையையும் உள்ளே வந்த பதிலையும் பைட் மாறாமல் பிடித்துக் காட்டும் வசதி, அழைக்கும் பக்கமான கிளையன்டிலேயே இருக்க வேண்டும் என்கிறேன்.

புரோகிராமில் இருக்கும் மதிப்பும் கம்பியில் போகும் மதிப்பும் ஒன்றுதான் என்று நம்பிவிடுவது சுலபம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் வழக்கமான எண் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். 9007199254740992 வரை முழு எண்களை அது பிசகாமல் வைத்துக்கொள்ளும். சர்வர் 9007199254740993 என்று அனுப்பினால் கிளையன்டில் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. ட்விட்டர் தன் பதிவு எண்கள் இந்த எல்லையைத் தாண்டவிருந்த 2010இல், அதே எண்ணை எழுத்துச்சரமாகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது இதற்காகத்தான். இப்படியொரு கோளாறில், பிரித்த பிறகு கிடைத்த மதிப்பை லாகில் எழுதிப் பார்த்தால் சர்வர்தான் தப்பான எண்ணைத் தந்தது என்று தோன்றும். மூலப் பதிலைப் பார்த்தால்தான் குற்றவாளி நம் வீட்டுக்குள்ளேயே இருப்பது தெரியும். ஒவ்வொரு அழைப்பையும் இடைமறிக்கும் ஜி.ஆர்.பி.சி.யின் இன்டர்செப்டர்கள் இந்த வேலைக்குப் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பொதுவாக அவை பார்ப்பது மூட்டை கட்டுவதற்கு முந்தைய மதிப்புகளையும் பிரித்ததற்குப் பிந்தைய மதிப்புகளையும்தான்.

சர்வரில்தான் லாக் இருக்கிறதே என்பார்கள். வங்கியின் சர்வரோ பேமென்ட் நிறுவனத்தின் சர்வரோ நம்முடையது அல்ல. நம்முடையதாகவே இருந்தாலும், அங்கே வந்து சேராத கோரிக்கையைப் பற்றி அது என்ன சொல்லும்? நேரம் கடந்து அழைப்பு முறிந்தால், போனது தொலைந்ததா, வந்தது தொலைந்ததா என்பதுதான் முதல் கேள்வி. இரு பக்கப் பதிவையும் ஒரே அடையாள எண் கொண்டு ஒப்பிடாமல் அதற்கு விடை கிடையாது. நெட்வொர்க்கை ஒட்டுக்கேட்கும் வயர்ஷார்க் போன்ற கருவி போதாதா என்றால், இன்று கம்பியில் போவது பெரும்பாலும் மறையாக்கம் செய்யப்பட்ட தரவு. சாவி கைவசம் இல்லாவிட்டால் அதைப் படிக்க முடியாது. மறையாக்கத்துக்கு முன்னால் தரவு தெளிவாகக் கிடைக்கும் இடம் கிளையன்ட்தான்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. தெளிவாகக் கிடைக்கும் தரவில் கடவுச்சொல்லும் கார்டு எண்ணும் இருக்குமே? 2018 மே மாதம், கடவுச்சொற்கள் உருமாற்றப்படும் முன்பே தன் உள் லாகில் எழுதப்பட்டுவிட்டதாக ட்விட்டர் அறிவித்து, 33 கோடிப் பயனர்களைக் கடவுச்சொல் மாற்றச் சொன்னது. கார்டு துறையின் பி.சி.ஐ. பாதுகாப்பு விதிகளும், பரிவர்த்தனைக்கு அனுமதி கிடைத்த பிறகு வணிகர்கள் சி.வி.வி. எண்ணை மறையாக்கம் செய்துகூட வைத்திருக்கக் கூடாது என்கின்றன. கூகுள் தன் ஆர்.பி.சி. அழைப்புகளைத் தொடரும் ‘டாப்பர்’ அமைப்பைப் பற்றி 2010இல் எழுதியபோது, அழைப்பின் பெயரையும் நேரத்தையும் பதிவதாகவும் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை என்றும் தெளிவாகச் சொன்னது. பாரத்தைக் குறைக்க, தொடக்கத்தில் சராசரியாக 1,024 அழைப்புத் தொடர்களில் ஒன்றை மட்டுமே அது பதிந்தது. இந்த எச்சரிக்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பிடிப்பதற்கு எதிரான வாதம் அல்ல. பிடித்ததை வகைதொகையில்லாமல் சேர்த்து வைப்பதற்கு எதிரான வாதம். கடைசிச் சில அழைப்புகளை மட்டும் நினைவகத்தில் வைத்திருந்து, கோளாறு வந்தால் மட்டும், ரகசியப் புலங்களை அழித்துவிட்டு டிஸ்கில் எழுதலாம். அழிக்கும் வேலை எழுதுவதற்கு முன்பே நடக்க வேண்டும்; பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் யாரும் பார்ப்பதில்லை.

பி.எச்.பி. மொழியின் சோப் கிளையன்டில் ‘ட்ரேஸ்’ என்ற விருப்பத்தை இயக்கினால், கடைசிக் கோரிக்கையையும் பதிலையும் அப்படியே கேட்டு வாங்கலாம். இயக்காவிட்டால் எதுவும் பிடிபடாது. அது அணைத்த நிலையிலேயே வருவது சரியான முடிவு. இயக்க வழியே தராத கிளையன்ட் நூலகத்தைப் பணம் கைமாறும் வேலைக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள்.