பள்ளி உளவியலாளர்: பட்டமும் பயிற்சியும்

1896-ஆம் ஆண்டு மார்ச் மாதம். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்துவந்த லைட்னர் விட்மரிடம் பள்ளி ஆசிரியை ஒருவர் தம் மாணவனை அழைத்து வந்தார். சிறுவனுக்கு வயது பதினான்கு. அறிவில் குறை ஏதும் தெரியவில்லை. ஆனால் சொற்களை எழுத்துப்பிழையின்றி எழுதுவது மட்டும் அவனுக்குக் கைகூடவில்லை. விட்மர் அவனைப் பல வகையிலும் சோதித்தார். கண்பார்வையில் குறை இருப்பது தெரிந்தது. அதற்குக் கண்ணாடி, எஞ்சிய இடர்ப்பாட்டுக்குத் தொடர்பயிற்சி. அந்த ஒரு சிறுவனிடமிருந்தே பள்ளி உளவியல் என்னும் துறை தொடங்கியது எனலாம்.

நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. அந்தச் சிறுவனைப் போன்றவர்கள் இன்றும் நம் வகுப்பறைகளில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். "படிப்பில் நாட்டமில்லை", "சோம்பேறி", "கவனமில்லை" என்பவை அவர்களுக்கு நாம் வழங்கும் பெயர்கள். காரணம் கண்ணிலா, காதிலா, கற்றல் குறைபாட்டிலா, வீட்டுச் சூழலிலா, மனச்சோர்விலா என்று பொறுமையாகப் பிரித்தறியக்கூடியவர் பள்ளியில் ஒருவர் இருந்தால் அந்தப் பெயர்களுக்குத் தேவையிராது. அவரே பள்ளி உளவியலாளர்.

இந்தப் பணியைத் தேர்ந்தெடுக்க விரும்பும் இளைஞர்கள் இன்று பெருகி வருகிறார்கள். மகளோ மகனோ பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, "நான் உளவியல் படிக்கப்போகிறேன்" என்று சொல்லும்போது, எங்கே, எத்தனை ஆண்டுகள், எவ்வளவு செலவு என்று பெற்றோர் கேட்பது இயல்பு. அவற்றுக்கு முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேவை எவ்வளவு?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 21 வகை மாற்றுத்திறன்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. சி.பி.எஸ்.இ. வாரியம் தன் இணைப்பு விதிகளில் ஆலோசகர் மற்றும் நலவாழ்வு ஆசிரியர் பணியிடத்துக்கு இடமளித்திருக்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று வழிகாட்டியது. பணியிடங்கள் பெருகும் என்பதற்கு இவை அறிகுறிகள். அவற்றை நிரப்பப் போகிறவர்கள் எத்தகைய பயிற்சியோடு வருவார்கள் என்பதே நாம் கவலைப்பட வேண்டிய செய்தி.

படிப்பின் பாதை

நம் நாட்டில் பள்ளி உளவியலாளர் ஆவதற்கென ஒரே ஒரு நேர்வழி வகுக்கப்படவில்லை. பொதுவான பாதை இளநிலையில் உளவியல், பின்பு இரண்டாண்டு முதுகலை. முதுகலையில் ஆலோசனை உளவியல், மருத்துவ உளவியல், பயன்பாட்டு உளவியல், கல்வி உளவியல் எனப் பிரிவுகள் உண்டு. குழந்தை வளர்ச்சி, கற்றல் குறைபாடுகள், உளவியல் அளவீடு, புள்ளியியல், ஆலோசனை முறைகள் ஆகியவை பாடத்திட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துச் சேர்வது நல்லது.

ஏற்கெனவே ஆசிரியராக இருப்போருக்கு என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் வழிகாட்டல் மற்றும் ஆலோசனைப் பட்டயப் படிப்பு ஒரு வாயில். ஓராண்டுப் படிப்பான இதில் தொலைநிலைக் கல்வி, நேரடி வகுப்பு, களப்பயிற்சி என மூன்று கட்டங்கள் உள்ளன. மைசூரு, அஜ்மீர், போபால், புவனேஸ்வரம் ஆகிய ஊர்களிலுள்ள அதன் மண்டலக் கல்வி நிறுவனங்களிலும் இது நடத்தப்பட்டு வந்திருக்கிறது.

"மருத்துவ உளவியலாளர்" என்னும் பெயரில் பணிபுரிய வேண்டுமானால் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும். அதற்கு நெடுங்காலம் இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பே வாயிலாக இருந்தது. இப்போது அந்த ஏற்பாடு மாறி வருவதால், சேரும் ஆண்டில் மன்றம் வெளியிடும் அங்கீகாரப் பட்டியலைப் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

மற்றொரு மாற்றமும் முக்கியமானது. 2025 கல்வியாண்டு முதல் உளவியல் படிப்பைத் தொலைநிலை முறையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துள்ளது. ஆகவே, வீட்டிலிருந்தபடியே உளவியல் முதுகலை என்று இனி எவரேனும் விளம்பரம் செய்தால் விசாரிக்காமல் பணம் கட்டிவிடாதீர்கள்.

ஒரு சோதனை, இரு முடிவுகள்

பயிற்சி ஏன் இத்தனை முக்கியம்? மும்பையில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டில் தமிழ், விளையாடும் இடத்தில் இந்தியும் மராத்தியும், வகுப்பில் ஆங்கிலம். நான்காம் வகுப்பில் பிள்ளை வாசிக்கத் திணறுகிறான். அவனுக்கு ஆங்கிலத்தில் ஒரு நுண்ணறிவுச் சோதனை வைத்தால் மதிப்பெண் குறைவாக வரக்கூடும். அந்த எண்ணை மட்டும் பார்ப்பவர், "அறிவு வளர்ச்சி குறைவு" என்று எழுதிவிடுவார். பயிற்சி பெற்றவர் அவ்வளவில் நிற்கமாட்டார். சொல் தேவைப்படாத சோதனைகளில் அவன் எப்படிச் செய்கிறான்? வீட்டு மொழியில் கதை சொல்லச் சொன்னால் சொல்கிறானா? கண்ணும் காதும் சோதிக்கப்பட்டனவா? எத்தனை முறை பள்ளி மாறினான்? இவற்றுக்கெல்லாம் விடை கிடைக்கும் வரை அவர் பேனாவை எடுப்பதில்லை.

அயல்நாட்டுச் சோதனைகளை அப்படியே நம் பிள்ளைகளுக்கு வைக்க முடியாது என்பதை நம் முன்னோடிகள் உணர்ந்திருந்தார்கள். பிரான்சில் பிறந்த பினே சோதனையைக் காமத் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றியமைத்தார். வெக்ஸ்லர் சோதனையை இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்றவாறு நாக்பூரில் மாலின் திருத்தியமைத்தார். இச்சோதனைகளின் பெயர்களைப் பாடநூலில் படித்துத் தேர்வில் எழுதிவிடலாம். எதிரே அழுதுகொண்டிருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு இன்று சோதனை வைக்கலாமா, நாளைக்குத் தள்ளிப்போடலாமா என்று முடிவெடுக்கும் பக்குவம் அனுபவமிக்க ஒருவரின் அருகிலிருந்து கற்றால் மட்டுமே வரும்.

தவறான ஒரு சொல்லின் விலை பெரிது. கற்றல் குறைபாடு முறையாகச் சான்றளிக்கப்பட்ட பிள்ளைக்குச் சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரம் கிடைக்கிறது. குறைபாட்டைப் பள்ளியில் எவரும் கண்டறியாவிட்டால் அந்த உரிமை அவனை எட்டுவதில்லை. இல்லாத குறையை இருப்பதாக எழுதிவிட்டாலோ, அந்தத் தாள் அவன் பின்னாலேயே பல ஆண்டுகள் நடந்துவரும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

ஆகவே கல்லூரியில் இடம் தேடும்போது நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "இந்தப் படிப்பில், மூத்த உளவியலாளர் ஒருவரின் மேற்பார்வையில், மாணவர்கள் பள்ளிக் குழந்தைகளுடன் எத்தனை மணி நேரம் பணிபுரிவார்கள்?"

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமானால் அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே பள்ளி உளவியலாளராக, இளநிலைப் பட்டத்துக்குப் பின் பொதுவாக மூன்றாண்டுப் படிப்பு. அதில் களப்பயிற்சி மட்டும் 1,200 மணி நேரம். அதில் குறைந்தது பாதி பள்ளியிலேயே கழிய வேண்டும். நம் கல்லூரிகளில் அவ்வளவு மணி நேரத்தை எதிர்பார்க்க இயலாமல் போகலாம். ஆயினும், கேள்வியைக் கேட்டவுடன் எண்ணிக்கையைச் சொல்லி, பயிற்சி நடக்கும் பள்ளிகளின் பெயரையும் மேற்பார்வையாளரின் தகுதியையும் தெரிவிக்கும் கல்லூரியை நம்பலாம். "அதெல்லாம் ஏற்பாடு செய்துகொள்ளலாம்" என்று பதில் வருமானால் வேறு கல்லூரியை நாடுங்கள். சில வாரங்களில் "குழந்தை உளவியலாளர்" சான்றிதழ் தருவதாகச் சொல்லும் குறுகியகாலப் படிப்புகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். அவை ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ விழிப்புணர்வு தரலாம். தொழில்தகுதி தர மாட்டா.

பொருள் ஏற்பாடு

முதுகலைக்கு ஆகும் செலவைக் கணக்கிடும்போது கல்விக் கட்டணத்தோடு விடுதிச் செலவு, களப்பயிற்சிக்கான போக்குவரத்து, நூல்கள், கணினி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் பொதுவாக 4 லட்சம் ரூபாய் வரை குடும்பம் தன் பங்காகத் தொகை செலுத்த வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கழிந்த பிறகே தவணை தொடங்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் சேர்வோருக்கு, 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தின்கீழ்ப் பிணையோ பிணையாளரோ இல்லாத கடன் கிடைக்கும். ஆண்டு வருமானம் 8 லட்சம் வரையுள்ள, வேறு அரசு உதவித்தொகை பெறாத குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்கள், செலுத்திய வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை வருமான வரிக் கழிவு பெறலாம்.

தொடக்கத்தில் இத்துறையில் ஊதியம் மிகுதியாக இருக்குமென்று எண்ணிக் கடன் வாங்குவது சரியன்று. பள்ளிக்குப் பள்ளி ஊதியம் வேறுபடுகிறது. முதற்சில ஆண்டுகள் சிக்கனமாகக் கழியும் என்று கருதித் தவணையைத் திட்டமிடுவதே பாதுகாப்பு.

எவருக்கு இப்பணி?

குழந்தைகளைப் பிடிக்கும் என்பது மட்டும் போதாது. பெற்றோர் கேட்க விரும்பாத ஒன்றைக் கனிவாகச் சொல்ல வேண்டியிருக்கும். மாணவன் நம்பிச் சொன்னதை ஆசிரியர் அறையில் பகிராமல் காக்க வேண்டியிருக்கும்; அவன் உயிருக்கே ஆபத்து என்றால் உரியவர்களிடம் உடனே சொல்லியாகவும் வேண்டும். தன் திறமைக்கு அப்பாற்பட்டதை மனநல மருத்துவரிடம் அனுப்பிவைக்கும் பணிவு வேண்டும். இவையும் மேற்பார்வையில் கற்பவையே.

அன்று விட்மரிடம் வந்த சிறுவனுக்கு இரண்டு நற்பேறுகள் வாய்த்தன. "இவன் சோம்பேறி அல்லன்" என்று நம்பிய ஓர் ஆசிரியை இருந்தார். முடிவுகட்டும் முன் சோதித்துப் பார்த்த ஓர் உளவியலாளரும் இருந்தார். முதலாமவர் நம் பள்ளிகளில் பலர் இருக்கிறார்கள். இரண்டாமவரின் நாற்காலிதான் பெரும்பாலும் காலியாக இருக்கிறது. அதில் அமர விரும்பும் உங்கள் பிள்ளை, நன்கு பயின்று வந்து அமரட்டும்.