பறை யார் கையில்?



தமிழ் நாடகத்தின் தந்தை எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் இந்தத் தூத்துக்குடிச் சீமையின் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய பாலர் சபையில் பெண் வேடத்தையும் சிறுவர்களே கட்டினார்கள். 1980இல் பாதல் சர்க்கார் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் பயிற்சிப் பட்டறை நடத்தினார். அதன்பின் திரையும் மேடையும் வேண்டாத வீதி நாடகம் தமிழ்நாட்டில் வேகம் பிடித்தது. ஆடும் இடம் மாறியது. ஆடுபவர் யார் என்ற கேள்வி மிச்சமிருந்தது.

அதற்குக் கிடைத்த பதில்களில் ஒன்று திண்டுக்கல் சக்தி கலைக்குழு. 1990இல் அருட்சகோதரி சந்திரா தொடங்கினார். அதில் சேர்ந்தவர்கள் கிராமத்துத் தலித் இளம்பெண்கள். சாதியையும் பெண்ணடிமையையும் பற்றிய பாட்டும் ஆட்டமும் நாடகமும் கற்றார்கள். அவற்றின் நடுவே பறையை வைத்தார்கள்.

பறைக்கு இரண்டு தடைகள் இருந்தன. சாவுக்கும் செத்த மாட்டுக்கும் உரியது என்று ஊர் அதை இழிவாக்கியது. ஆண்தான் அடிக்க வேண்டும் என்பது சேரிக்குள்ளேயே இருந்த வழக்கம். இழிவின் அடையாளத்தைத் தூக்கி எறியுங்கள் என்று நம் தோழர்களே வாதிட்டார்கள். அந்த வாதம் நியாயமானது. சாவு வீட்டுக்குக் கட்டாயமாக அழைத்து அடிக்க வைப்பது அடிமைத்தனம்தான். ஆனால் அடிமைத்தனம் தோலில் இல்லை, கட்டாயத்தில் இருக்கிறது. தானே விரும்பி எடுத்து, எங்கே, எதற்காக அடிப்பது என்று தானே முடிவு செய்யும்போது அதே பறை விடுதலைக் கருவியாகிறது. சக்தியின் வரலாறு சொல்வது இதைத்தான்.

நெருப்பில் காய்ச்சிய பறையைத் தோளில் மாட்டி, அடிக்குச்சியும் சுண்டுக்குச்சியும் பிடித்து ஆட, காலை அகட்டி ஊன்ற வேண்டும். தலை நிமிர வேண்டும். குனிந்தே வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு அந்த நிலையே முதல் பாடம். அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் இக்குழுவைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார்.

2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் தூத்துக்குடியில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் இந்தத் திரேஸ்புரத்துப் பெண். அதை நாடகமாக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்கிறீர்கள். செய்யுங்கள். ஆனால் எழுதி முடித்த நாடகத்தோடு வராதீர்கள். முதலில் இந்தத் தெருப் பெண்களோடு உட்காருங்கள். என்ன சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, யார் நடிப்பது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். அதற்கு மாதங்கள் ஆகலாம். காத்திருங்கள். நாடகம் அவர்களுடையதாக இருந்தால்தான் அது மாற்று நாடகம்.