எல்லைக்கு முந்திய குடியேறிகள்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே மாநில எல்லை விழுந்தாலும், இரு பக்கத் தமிழ்க் குடும்பங்களின் கொள்வினை கொடுப்பினை நிற்கவில்லை. இவர்களின் டி.என்.ஏ.வில் அந்த எல்லையைவிட மிகப் பழைய குடியேறிகள் உண்டு. ‘ஆலு’ என்று பெயர்.

ஆலு, ஏறத்தாழ 300 எழுத்து நீளமுள்ள தாவும் மரபணுத் துண்டு. சுமார் 6 கோடி ஆண்டுகளாகப் பெருகிவந்த இதற்கு நம் ஒவ்வொருவரிடமும் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள். மொத்த டி.என்.ஏ.வில் பத்தில் ஒரு பங்கு இதுவே. எல்லா வகைத் தாவும் துண்டுகளையும் சேர்த்தால் கிட்டத்தட்டப் பாதி. புரதம் செய்யக் குறிப்புத் தரும் பகுதியோ 2 சதவீதம்கூட இல்லை.

மரபணு இடம் மாறும் என்பதை 1940களில் மக்காச்சோளத்தில் கண்டவர் அமெரிக்காவின் பார்பரா மெக்ளின்டாக். சக விஞ்ஞானிகள் நெடுங்காலம் நம்பவில்லை. நோபல் பரிசு 1983இல்தான் வந்தது.

ஆலு தன்னை முதலில் ஆர்.என்.ஏ.வாக நகலெடுக்கும். நகலைத் திரும்ப டி.என்.ஏ.வாக்கி வேறிடத்தில் செருக ஒரு நொதி வேண்டும். அது ஆலுவிடம் கிடையாது. ‘எல்1’ என்ற இன்னொரு தாவும் துண்டிடம் இரவல் வாங்கும். அந்த எல்1 தவறான இடத்தில் போய் அமர்ந்தால் வினைதான்: ரத்தம் உறைய உதவும் மரபணுவுக்குள் அது புகுந்ததால் ஹீமோபிலியா வந்ததை 1988இல் கண்டறிந்தார்கள்.

ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள ஏ.சி.இ. மரபணுவில் சிலருக்கு ஓர் ஆலு உண்டு, சிலருக்கு இல்லை. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த இடத்தை பி.சி.ஆர். முறையில் பெருக்கி, ஜெல்லில் விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். ஆலு உள்ள துண்டு சுமார் 490 எழுத்து. மெல்ல நகர்ந்து மேலேயே நின்றுவிடும். ஆலு இல்லாதது 190. விறுவிறுவென்று கீழே இறங்கும். இரண்டு பட்டையும் தெரிந்தால், பெற்றோரில் ஒருவர் மட்டுமே அந்த ஆலுவைக் கொடுத்திருக்கிறார்.

ஓரிடத்தில் அமர்ந்த ஆலு அங்கிருந்து போவது மிக அரிது. ஆகவே ஒரே இடத்தில் ஒரே ஆலு இருவருக்கு இருந்தால், இருவருக்கும் பொதுவான மூதாதை ஒருவர் இருந்தார் என்று பொருள். நீலகிரிப் பழங்குடிகளின் உறவை ஆராய்ந்தவர்களும் இத்தகைய அடையாளங்களைப் பயன்படுத்தினார்கள்.

இந்தத் தாவல் இன்றும் ஓயவில்லை. சுமார் 20 முதல் 40 பிறப்புகளுக்கு ஒருமுறை, பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய ஆலு ஒன்று குழந்தையிடம் சேர்கிறது. பாறசாலையில் பிறக்கும் குழந்தைக்கும் களியக்காவிளையில் பிறக்கும் குழந்தைக்கும் கணக்கு ஒன்றுதான்.