காயும் பழமும்: ஒரு பள்ளிக்கூடக் கணக்கு

தொடக்கப் பள்ளிக்கு ஆண்டில் குறைந்தது 200 வேலைநாள், 800 மணி நேரப் பாடம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அளவு இது. அதில் நாளுக்கு 10 நிமிடம் எடுத்தால் ஆண்டுக்கு 2,000 நிமிடம், அதாவது 33 மணி 20 நிமிடம். மொத்த நேரத்தில் நூற்றுக்கு நான்கு பங்கை ஒட்டி வரும். இந்த நான்கு பங்கை அன்பும் நட்பும் பழக்க ஒதுக்கலாமே என்று கேட்டால், "சிலபஸ் முடியாதுங்க" என்கிறார்கள். வள்ளுவர் 133 அதிகாரங்களில் ஐந்தை நட்புக்கும் அதன் நல்லது கெட்டதுக்கும் கொடுத்தார். அதுவும் ஏறக்குறைய அதே நான்கு பங்குதான்.

இராசிபுரம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் இன்டர்வெல் நேரம் நின்றிருந்தேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சட்டையைப் பிடித்துக்கொண்டு ரயில் ஓட்டினார்கள். கோழிப்பண்ணை வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் குழந்தை ஒன்று கடைசிப் பெட்டியாகச் சேரப் போனது. "நீ வேண்டாம் போ" என்று ஒரு பையன் சுண்டு விரலை நீட்டிக் காய் விட்டான். உடனே இன்னும் மூன்று சுண்டு விரல்கள் நீண்டன. அந்தக் குழந்தை குழாயடிக்குப் போய், தண்ணீர் குடிக்காமல் குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ரயிலின் நடுவிலிருந்த ஒருத்தி பிடியை விட்டு ஓடினாள். "வா புள்ள, என்னைப் புடிச்சுக்கோ" என்று கையைப் பற்றி இழுத்து வந்தாள். நான் பத்து எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்து ரயில் கிளம்பிவிட்டது.

அந்தப் பத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கனடாவின் டொரன்டோ நகரத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் விளையாடுவதைப் படம்பிடித்து, 306 சீண்டல்களை ஆராய்ச்சியாளர்கள் பகுத்துப் பார்த்தார்கள். முடிவு 2001இல் வெளியானது. நூற்றுக்கு 88 சீண்டல்களில் வேறு பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்தார்கள். குறுக்கே வந்து தடுத்தது நூற்றுக்கு 19இல் மட்டும். ஆனால் அப்படிக் குறுக்கே வந்தபோது பாதிக்கு மேல், நூற்றுக்கு 57 தடவை, பத்து நொடிக்குள் சீண்டல் நின்றுபோனது. வேடிக்கை பார்க்கும் பிள்ளையிடம்தான் மருந்து இருக்கிறது.

ஆசிரியர் எங்கே போனார் என்று கேட்கலாம். 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் என்பது சட்டத்தின் குறைந்தபட்ச அளவு. 60 பிள்ளைகளுக்குள் எத்தனை ஜோடி? 60ஐ 59ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 1,770. ஒவ்வொரு ஜோடிக்கு நடுவிலும் ஒரு காயோ ஒரு பழமோ விழக்கூடும். ஐந்து வகுப்புகளை மேய்த்துக்கொண்டு, நடுவில் எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் பதிவையும் முடிக்கும் இரண்டு பேரின் நான்கு கண்களுக்கு 1,770 அகப்படாது. அடித்துத் திருத்தவும் கூடாது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிள்ளைகளையே பழக்குவதுதான் மிச்சமிருக்கும் வழி.

சரி, செலவு எவ்வளவு? சேலம் டவுன் ஸ்டேஷனரி கடை விலையில் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். சார்ட் 10, ரூ.100. ஸ்கெட்ச் பேனா இரண்டு செட், ரூ.120. பெரிய நோட்டு ஒன்று, ரூ.80. பழைய காலுறையில் தைக்கும் கைப்பொம்மைக்குச் செலவில்லை. கூட்டினால் 300 ரூபாய். 60 பிள்ளைகளுக்கு வகுத்தால் தலைக்கு 5 ரூபாய். நாமக்கல் பண்ணை விலையில் ஒரு முட்டைக்கு ஆகும் காசு, ஏறக்குறைய. சத்துணவில் வாரம் 5 முட்டை போடுகிறோம். ஆண்டுக்கு ஒரு முட்டைக் காசு இதற்கும் ஆகட்டும். தொடக்கப் பள்ளி நூலகத்துக்கே மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை மானியம் உண்டு. பணம் தடையில்லை.

பத்து நிமிடத்தில் என்ன செய்வது? கைப்பொம்மை ஒன்று இன்னொன்றை "போ" என்கிறது. மூன்றாவது பொம்மை என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளே சொல்லிப் பார்க்கிறார்கள். "நீயும் வா" என்ற இரண்டு சொல்லை வாய் பழகுமட்டும் சொல்ல வேண்டும். கோள் சொல்வது வேறு, உதவி கேட்பது வேறு என்பதையும் பிரித்துக் காட்ட வேண்டும். பல பிள்ளைகள் வாயைத் திறக்காததற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். சிகாகோவின் மழலையர் வகுப்பு ஆசிரியை விவியன் பேலி, விளையாட்டில் சேர்க்க மாட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதை வகுப்பு விதியாகவே வைத்தார். அதைப் பற்றிய அவருடைய நூல் 1992இல் வந்தது.

இதனால் சீண்டல் அடியோடு ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பல நாடுகளின் 44 சீண்டல் தடுப்புத் திட்டங்களை மதிப்பிட்டு 2011இல் வந்த ஆய்வில், சீண்டல் நூற்றுக்கு 20 முதல் 23 வரை குறைந்திருந்தது. ஐந்தில் ஒன்று. பின்லாந்து தன் 'கிவா' திட்டத்தை 234 பள்ளிகளில் சுமார் 30,000 பிள்ளைகளிடம் சோதித்தது. பலன் சின்ன வகுப்புகளில் கூடுதலாகவும் 7ஆம் வகுப்பு முதல் குறைவாகவும் தெரிந்தது.

சின்ன வகுப்பிலேயே தொடங்குவதில்தான் நாம் பிந்துகிறோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதி வன்மத்தில் சக மாணவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. 6 முதல் 12 வரை வாரம் ஒரு அறநெறி வகுப்பு வேண்டும் என்றது. நல்ல பரிந்துரை. ஆனால் ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்கினால், ஆறாம் வகுப்பில் கால் வைக்கும் முன் பிள்ளைக்கு 10,000 நிமிடப் பழக்கம் கையில் இருக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்குரியது. அடுத்த கூட்டத்தில் இந்த 300 ரூபாயையும் 10 நிமிடத்தையும் கேளுங்கள். குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற இரண்டு உதவி எண்களையும் ஒன்றாம் வகுப்புச் சுவரில், ஐந்து வயதுப் பிள்ளையின் கண் மட்டத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.