நெகிழ்வும் நிலமும்: கரடுநில வாகனங்களின் மூட்டசைவு பற்றிய ஓர் ஒப்புநோக்கு

1

கரடுமுரடான நிலத்திற் செலுத்தப்படும் நாற்சில்லு வாகனங்களை ஒப்பிடுவோர், அவற்றின் சில்லுகள் எவ்வளவு தூரம் மேலெழவும் கீழிறங்கவும் வல்லன என்பதையே தரத்தின் முதன்மையான அளவுகோலாகக் கொள்கின்றனர். இதனை நாம் நெகிழ்வு என்போம். சமனற்ற நிலத்தில் எல்லாச் சில்லுகளும் ஊன்றிப் பாரந்தாங்கும் வகையில் வாகனத்தின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று திரும்பிக் கொடுப்பதை மூட்டசைவு என்போம். இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. அவற்றிடையே உள்ள வேறுபாட்டையும், அவ்வேறுபாட்டை மறைக்கும் பார்வையின் சமூக அடிப்படையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முக்காலி எத்தரையிலும் ஆடுவதில்லை. நான்கு கால்களையுடைய நாற்காலியோ சமனற்ற தரையில் ஒரு காலைத் தூக்கியே நிற்கும். வாகனத்தின் சிக்கலும் இதுவே. பாரந்தாங்காத சில்லு நிலத்தைப் பற்றி உந்தமாட்டாது. மேலும், வளைவுகளில் இரு பக்கச் சில்லுகளும் வெவ்வேறு வேகத்திற் சுழல இடமளிக்கும் டிபரன்ஷியல், சாதாரண வகையினதாயின், இரண்டுக்கும் சம அளவான முறுக்குவிசையையே அளிக்கும். ஒரு சில்லு அந்தரத்தில் வீணே சுழலுமாயின், நிலத்தில் ஊன்றிய மற்றதற்கும் ஏறக்குறைய எதுவுமே கிட்டாது. மூட்டசைவு முக்கியம் பெறுவது இதனாலேயே.

சாதாரண உழவு இயந்திரத்தின் முன்னச்சு நடுவே ஓர் ஆணியிற் பொருத்தப்பட்டு இருபுறமும் ஆடும். பின்னச்சு உடலோடு இறுகியிருக்கும். நான்கு சில்லுகள் இருப்பினும் அது மூன்று புள்ளிகளில் ஊன்றும் முக்காலியே. அச்சுகளில் வில் எதுவுமின்றியே அதன் சில்லுகள் வயலில் ஊன்றி நிற்கின்றன. செவ்வாயில் 1997இல் இறங்கிய சோஜேர்னர் தொடக்கம் 2021இல் இறங்கிய பேர்சிவியரன்ஸ் வரையான ஐக்கிய அமெரிக்காவின் ஐந்து ஊர்திகளிலும், ஆறு சில்லுகளைத் தாங்கும் புயங்கள் வில்லின் துணையின்றி ஒன்றோடொன்று இணைந்து ஆடுகின்றன. மூட்டசைவுக்கு வில் இன்றியமையாததன்று என்பதை இவை தெளிவாக்குகின்றன.

2

அவ்வாறாயின் வில்லின் தேவை யாது? வேகமே அதனை வேண்டிநிற்கின்றது. மெதுவாகச் செல்லும் கருவிக்கு ஆடும் அச்சே போதும். விரைந்து செல்வதற்கு அதிர்வைத் தாங்கும் தொங்கல் தொகுதி வேண்டும். இவ்விரு தேவைகளுக்கும் இடையிலான முரண்பாடே இவ்வாகனங்களின் வரலாற்றை இயக்கியுள்ளது எனலாம்.

1941இல் உற்பத்திக்கு வந்த வில்லிஸ் ஜீப்பும் 1948இல் அறிமுகமான லாண்ட் றோவரும் முழு அச்சையும் தகட்டுவில்லையும் கொண்டவை. முழு அச்சில் ஒரு சில்லு மேலே தள்ளப்படுகையில் மறுமுனை கீழே அழுத்தப்படுவதால், மூட்டசைவுக்கு அது இயல்பாகவே உகந்தது. ஆயின் தகட்டுவில் பாரத்தையும் தாங்கி, அச்சையும் அதன் இடத்தில் நிறுத்தவேண்டியிருந்தது. இவ்விரட்டைப் பணி அதன் அசைவைக் கட்டுப்படுத்தியது. 1970இல் வெளிவந்த றேஞ் றோவரில் சுருள்வில் பாரத்தைத் தாங்க, அச்சை நிலைநிறுத்தும் பணியைத் தனித் தண்டுகள் ஏற்றன. பணிகள் பிரிந்ததும் சில்லின் அசைவெல்லை விரிந்தது. பண்ணை நிலத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் ஒரே வாகனம் பயன்படலாயிற்று.

யுனிமொக் வேறொரு வழியிற் சென்றது. போருக்குப் பிந்திய ஜேர்மனியில், 1946இல் முதன்மாதிரி கண்ட இவ்விவசாய வாகனத்தின் இருபக்கச் சில்லுகளுக்கும் இடைப்பட்ட அகலம் 1.27 மீற்றர், அது உருளைக்கிழங்குப் பாத்தியின் இரு வரிசைகளுக்குப் பொருந்துவது. உழைப்பே இங்கு உருவத்தை நிர்ணயித்தது. பின்வந்த யுனிமொக் வகைகளிற் சட்டகமே முறுகிக்கொடுத்து மூட்டசைவிற் பங்குகொள்கின்றது. இதற்கு மாறாக, 1983இல் அமெரிக்க இராணுவம் உற்பத்திக்கு ஒப்பந்தஞ்செய்த ஹம்வியில் ஒவ்வொரு சில்லும் தனித்தனியே அசைகின்றது. கரடுநிலத்தை வேகமாகக் கடப்பதே அதன் தேவை. ஒரு சில்லு எழும்போது மறுசில்லு கீழே அழுத்தப்படாமையால் மூட்டசைவு குன்றுகின்றது. அக்குறையை, பிடிப்புள்ள சில்லுக்குக் கூடிய முறுக்குவிசையை அனுப்பும் டிபரன்ஷியல் ஓரளவு ஈடுசெய்கின்றது.

3

இத்துணை வேறுபட்ட கருவிகளை ஒரே எண்ணால் வரிசைப்படுத்தும் முறையொன்று பொழுதுபோக்காளரிடையே வழங்கிவருகின்றது. 20 பாகை சாய்தளமொன்றில் ஒரு முன்சில்லை ஏற்றி, வேறொரு சில்லு நிலத்தைவிட்டுக் கிளம்பும்வரை செலுத்துவர். சாய்தளத்தில் ஏறிய தூரத்தை அச்சிடைத் தூரத்தால் வகுத்து 1000ஆற் பெருக்குவர். அச்சிடைத் தூரம் 250 சென்ரிமீற்றராகவும் ஏறிய தூரம் 150 சென்ரிமீற்றராகவும் இருப்பின் பெறுமானம் 600 ஆகும். அப்போது அச்சில்லு ஏறத்தாழ 51 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கும்.

இவ்வெண் கூறாது விடுவன பல. சில்லு நிலத்தைத் தொடுகின்றதா என்பதை அது காட்டும். எவ்வளவு பாரத்தைத் தாங்குகின்றது என்பதைக் காட்டாது. தொங்கித் தொடும் சில்லினால் உந்துதல் அதிகம் பிறவாது. பக்கச் சரிவில் நெகிழ்வு மிகுந்த உடல் பள்ளப்பக்கமாகச் சாய்ந்து வாகனத்தைக் கவிழ்க்கக்கூடும் என்பதையும் அது உணர்த்தாது. சாய்வுத் தடுப்புத் தண்டு கரடுநிலத்தில் மூட்டசைவைத் தடுக்கின்றது. அதே தண்டு நெடுஞ்சாலை வளைவில் உயிரைக் காக்கின்றது. உயர்ந்த பெறுமானத்திற்காக அதனை நிரந்தரமாக அகற்றுவோர், எண்ணொன்றுக்கு ஈடாகப் பயணிகளின் உயிரையே வைக்கின்றனர். 2007ஆம் ஆண்டு மாதிரியான ஜீப் றாங்ளர் றூபிக்கனில், குறைந்த வேகத்தில் மட்டும் முன்புறத் தண்டை விசைப்பொத்தானால் விடுவிக்க முடிந்தமை இம்முரண்பாட்டின் ஒரு தீர்வாகும்.

மனிதரிடையேயான உறவுகள் பண்டங்களின் இயல்புகளாகத் தோற்றங்கொள்வதை மார்க்ஸ் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்திற் பகுத்துக் காட்டினார். அப்பகுப்பை இங்கு விரித்துப் பார்க்கலாம். நிலம், பாரம், வேகம், வேலை ஆகியவற்றிடையேயான உறவு, வாகனத்தின் தனிச்சொத்தான ஓர் எண்ணாக உருமாறுகின்றது. உழைப்பிலிருந்து பிரிந்து, வாங்குவதற்கும் போட்டியிடுவதற்குமான பண்டமாக வாகனம் மாறிய சூழலிலேயே இம்மாற்றம் இயல்பானதாகத் தோன்றுகின்றது.

ஆகவே, இவ்வாகனங்களை ஒப்பிடுவோர் முதலில் வினவவேண்டியது, எந்நிலத்தில், எவ்வேகத்தில், எவருடைய எவ்வேலைக்காக என்பதேயாகும். இவ்வினாவுக்கு விடை கண்ட பின்னரே சாய்தளத்தின் எண்ணுக்கும் பொருளுண்டு. இலக்கியத்தில் உருவத்தை உள்ளடக்கத்தினின்றும் பிரித்து மதிப்பிடுவதன் குறைபாட்டை அறிந்த நமக்கு, இம்முடிபு புதியதன்று.