ஏரிக்கரையைத் துளைக்கும் மீனும் அதனை உண்ணும் முறையும்

ஏரியுடைய ஊருக்கு இரு செல்வங்கள் உண்டு. ஒன்று வயலுக்குப் பாயும் நீர். மற்றொன்று அந்நீரில் வளரும் மீன். இவ்விரண்டுக்கும் ஒருங்கே ஊறு செய்யவல்ல ஓர் அயல்நாட்டு மீன் அண்மைக் காலமாக நம் நீர்நிலைகளில் பரவி வருகிறது. உடம்பெல்லாம் எலும்புத் தகடு போர்த்து, பழுப்பும் கருமையுமான புள்ளிகளுடன், தலைக்கு அடியில் உறிஞ்சும் வாய் கொண்டது அது. வலையில் அதனைக் கண்ட உழவர் பலர், “இது என்ன மீன்? நஞ்சுடையதா? உண்ணலாமா?” என்று நம்மை வினவியுள்ளனர். அவ்வினாக்களுக்கு இயன்ற அளவு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வந்த வழி

இம்மீனின் தாயகம் தென் அமெரிக்கா. அமேசான், ஒரினோகோ முதலிய பேராறுகளில் இதன் இனங்கள் வாழ்கின்றன. வீடுகளில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர், தொட்டியில் படியும் பாசியைத் தின்று துப்புரவு செய்யும் என்று கருதி இதனை வாங்கினர். அதனால் ‘டேங்க் கிளீனர்’ என்றும், ‘சக்கர்’ என்றும் இதற்குப் பெயர் வழங்கலாயிற்று. வாங்கும்போது விரல் நீளமே இருக்கும் இம்மீன் ஒரு முழத்துக்கும் மேல் வளரக்கூடியது. தொட்டியில் இடம் போதாமற் போன பின், கொல்ல மனமில்லாதவர்கள் இதனை ஏரியிலும் கால்வாயிலும் விட்டனர். இரக்கத்தால் செய்த செயலே ஊருக்குத் தீங்காய் முடிந்தது.

விளையும் தீங்கு

இது நீருக்குள் கரையைக் குடைந்து வளை அமைத்து, அதனுள் முட்டையிடும். ஆண் மீன் வளையில் இருந்து முட்டைகளைக் காக்கும். வளைகள் ஒரு மீட்டர் நீளம் வரையும் செல்வதுண்டு. ஒரு வளையால் கரை உடைந்துவிடாது. ஆனால் அடுத்தடுத்துப் பல வளைகள் அமைந்த இடத்தில் மண் சரிந்து கரை மெலியும். நண்டு வளையையும் எலி வளையையும் அஞ்சும் உழவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மேலும், இதன் முதுகிலும் பக்கங்களிலும் உள்ள முட்கள் விறைத்து நின்று வலைக் கண்ணிகளில் சிக்கிக்கொள்ளும். வலையை அறுக்காமல் மீனை எடுப்பது அரிதாகும். மெக்சிகோ நாட்டின் இன்பியெர்னியோ நீர்த்தேக்கத்தில் 2000ஆம் ஆண்டுக்குப் பின் இம்மீன் பெருகியபோது, அங்குத் திலேப்பியா பிடித்துப் பிழைத்த மீனவர்களின் தொழில் பெரிதும் நலிந்தது. அந்நாட்டார் இதற்கு இட்ட பெயர் ‘பேய் மீன்’ என்பதாகும்.

நாம் கற்ற பாடம்

சென்ற கோடையில் நம் ஒன்றியத்து ஏரி ஒன்றில் நீர் வற்றி மீன் பிடித்தபொழுது, இம்மீன்கள் இரண்டு கூடை அளவு கிடைத்தன. “ஏரியில் விடாதீர்கள், கரையில் எறிந்துவிடுங்கள்” என்று நாம் கூறினோம்; அவ்வாறே செய்தனர். மறுநாட் காலையில் சென்று பார்த்தபோது, நிழலில் கிடந்த சில மீன்களுக்கு இன்னும் உயிர் இருந்தது! அதற்குள் சிறுவர்கள் விளையாட்டாக நாலைந்து மீன்களை எடுத்துச் சென்று அருகிலிருந்த பாசனக் கிணற்றில் விட்டிருந்தனர். ஏரியில் இருந்த தொல்லை கிணற்றுக்கும் சென்றது. எறியச் சொன்ன நாம் கொல்லச் சொல்லாதது நம் பிழையே.

இம்மீன் வாயால் காற்றை விழுங்கி, இரைப்பையின் வாயிலாகவும் உயிர்க்காற்றைப் பெறும் இயல்புடையது. ஆதலின் நீரில்லாமலும் பல மணி நேரம் உயிரோடிருக்கும். ஈரமான வளைக்குள் கிடந்து, மீண்டும் நீர் வரும்வரை காத்திருப்பதும் உண்டு. இதனை ஒழிக்க எண்ணி ஏரியில் நஞ்சு கலப்பது பெருந்தவறு. நீர் கெட்டு மற்ற மீன்கள் மூச்சுத் திணறும் வேளையிலும் இது மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைக்கக்கூடும். மடிவன நம் கெண்டையும் கெளுத்தியுமே.

பிடிக்கும் முறை

பகலில் வளைகளிலும் கற்களின் அடியிலும் ஒதுங்கியிருந்து, இரவில் இரை தேடுவது இதன் வழக்கம். ஏரி நீர் வற்றும் பங்குனி, சித்திரை மாதங்களே பிடிப்பதற்கு ஏற்ற காலம். அப்போது வளைகளின் வாய் வெளியே தெரியும். மீனை வெளியேற்றிய பின்னரே வளையில் களிமண் இட்டு நன்கு கெட்டிக்க வேண்டும்.

இம்மீனுக்கு நஞ்சு இல்லை. ஆயினும் முள் கையைக் கிழிக்கும். எனவே ஈரச் சாக்கினால் மூடி, தலைப்புறத்தை அழுத்திப் பிடித்தல் நலம். பிடித்தவுடன் தலையில் கட்டையால் ஓங்கி அடித்து அங்கேயே கொன்றுவிட வேண்டும். உயிருடன் ஊருக்குள் எடுத்துச் செல்லலாகாது.

உண்ணத் தகுமா?

தகும், ஆனால் நீரைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். அடிச்சேற்றில் மேயும் மீனாதலின், சேற்றில் உள்ள கேடுகள் இதன் உடலிலும் சேரும். தோல் பதனிடும் சாலை, சாயப் பட்டறை ஆகியவற்றின் கழிவோ, நகரச் சாக்கடையோ கலக்கும் நீரில் பிடித்த மீனை உண்ணவே கூடாது. ஈயம் முதலிய உலோகங்கள் கொதிக்க வைப்பதால் நீங்குவன அல்ல. அத்தகைய மீன்களை நீர்நிலைக்கு அப்பால் ஆழக் குழி தோண்டிப் புதைத்தலே தக்கது. மழைநீர் மட்டுமே நிரம்பும் ஏரியில் பிடித்தனவாயின் தயக்கமின்றிச் சமைக்கலாம்.

அமேசான் கரை மக்களுக்கு இது அன்றாட உணவு. பிரேசில் நாட்டில் இதன் இனங்களை ‘அகாரி’ என்றும், மனாவுஸ் நகர்ப்புறத்தில் ‘போடோ’ என்றும் அழைக்கின்றனர். ஓட்டுடன் தணலில் சுட்டு உண்பதும், வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி இட்டுக் குழம்பு வைப்பதும் அவர்கள் வழக்கம். வெந்த சதையை உதிர்த்து, வறுத்து, ‘பிராகுயி’ என்னும் மீன் மாவாகவும் சேமிக்கின்றனர். நம் சேலத்து உழவர் பயிரிடும் மரவள்ளியின் தாயகமும் தென் அமெரிக்காவே. மரவள்ளி மாவும் இம்மீனும் அங்கு ஒரே தட்டில் இடம்பெறுகின்றன.

துப்புரவு செய்யும் முறை

வழக்கம்போல் செதில் உரசி, அரிவாள்மனையில் அரிய முயன்றால் மனைதான் மழுங்கும். முதுகைவிட மென்மையான வயிற்றுப்புறத்தைக் கீறி, சுருள் சுருளாக நீண்டிருக்கும் குடலை உடைந்துவிடாமல் எடுத்துவிட வேண்டும்; ஈரல் முதலிய உள்ளுறுப்புகள் அனைத்தையும் நீக்குதல் நன்று. குடலில் சேறும் பாசியும் நிறைந்திருக்குமாதலால், இதனைச் செவ்வனே செய்யாவிடில் கறி சேற்று வாடை வீசும்.

பின்னர் இருமுறை கழுவி, உப்பும் மஞ்சளும் கலந்த கொதிநீரில் கால் மணி நேரம் முழு மீனாகவே வேக விடலாம். அல்லது தணலில் புரட்டிப் புரட்டிச் சுடலாம். வெந்தபின் ஓடு தளர்ந்து கையோடு வரும். தலையையும் முட்களையும் நீக்கினால் வெண்மையான, கெட்டியான சதை கிடைக்கும். ஓடும் தலையும் போக எஞ்சுவது குறைவே என்பதை முன்பே சொல்லிவிடுதல் நேர்மை.

சமைக்கும் முறை

சுறாப்புட்டுச் செய்யத் தெரிந்த இல்லத்தாருக்கு இது புதிதன்று. வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு ஆகியவற்றை நன்கு வதக்குக. உதிர்த்த சதையைச் சேர்த்து, மிளகும் சீரகமும் பொடித்துத் தூவி, ஈரம் வற்றிப் பொலபொலவென வரும்வரை கிளறி இறக்குக. உதிர்க்கும்போது சிறு முட்களைப் பொறுக்கி எடுத்தால் குழந்தைகளும் உண்ணலாம். குழம்பு வைக்க விரும்புவோர், புளிக்குழம்பு கொதித்து வற்றிய பின் வெந்த சதையைக் கடைசியில் இடவேண்டும். முதலிலேயே இட்டால் கரைந்துவிடும். மேற்கூறிய ஏரி மீன்களுள் புதிதாய்ப் பிடித்துக் கொன்ற சிலவற்றை நாமும் புட்டாக்கி உண்டு பார்த்தோம். கோழிக்கறியை ஒத்த சுவை என்றார் உடன் உண்ட ஓர் உழவர்; நமக்கு அவ்வளவு தோன்றவில்லையாயினும், தட்டில் மிச்சம் இல்லை.

ஊராட்சியின் கடமை

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். சுவையானது என்று கேட்டவுடன் இதனை வளர்த்து விற்கலாமே என எவருக்கேனும் தோன்றினால், இக்கட்டுரை பயன் தருவதற்கு மாறாகக் கேடே விளைக்கும். வலையில் வந்துவிட்டதை வீணாக்காமல் உண்பது வேறு; உண்பதற்காகப் பெருக்குவது வேறு. மேலும், உண்பதனால் மட்டும் இம்மீன் ஒழிந்துவிடாது. எண்ணிக்கை கட்டுக்குள் நிற்க உதவும், அவ்வளவே.

1993ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்கென வகுத்த 29 பொருள்களுள் சிறு பாசனமும் மீன்வளமும் அடங்கும். கரையும் மீனும் ஊராட்சியின் பொறுப்பில் சேர்ந்தே அமைந்திருத்தல் இவ்விடத்துப் பொருத்தமேயாம். ஆகவே, ஊராட்சி ஏரியின் மீன்பிடி உரிமையை ஏலம் விடும்போது, பிடிபடும் இம்மீனைத் திரும்ப நீரில் விடலாகாது என்பதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். கோடையில் ஒருமுறை கரையை நடந்து பார்த்து வளைகளைக் கணக்கெடுக்கலாம். தொட்டி மீன் வளர்ப்போர் வேண்டாத மீனை ஏரியில் விடலாகாது எனக் கிராம சபையில் எடுத்துரைக்கலாம். இம்மீன் புதிதாகத் தென்பட்டால் மீன்வளத் துறை அலுவலருக்கு உடனே தெரிவிக்கலாம். இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை.

ஏரியை வெட்டிய முன்னோர் அறியாத பகை இது. வரும் சித்திரையில் நீர் வற்றும்போது உறுப்பினர்களும் உழவர்களும் தத்தம் ஏரிக்கரையை ஒருமுறை சுற்றி வருவார்களாக. வளை கண்டால் மூடுக. மீன் கண்டால் கொல்க. நீர் நல்லதாயின் உண்க.