பிரக்ஞானந்தாவுக்குச் சென்னை அளித்த வரவேற்பு (2023)
ஆர். பிரக்ஞானந்தா, சென்னையின் மேற்கே அம்பத்தூரை அடுத்த பாடியைச் சேர்ந்த சதுரங்க வீரர். 2023 ஆகஸ்டில் அசர்பைஜானின் பாகு நகரில் நடந்த உலகக் கோப்பையில், தமது 18-ஆம் வயதில் இரண்டாம் இடம் பெற்றார். தரவரிசையில் முன்னணியில் இருந்த நகமுராவையும் கருவானாவையும் வென்று இறுதிச் சுற்றை அடைந்தார். அதில் மாக்னஸ் கார்ல்சனுடன் முதல் இரண்டு ஆட்டங்களைச் சமன் செய்து, பின்னர் நடந்த விரைவு ஆட்டங்களில் தோற்றார்.

கோப்பை கிடைக்கவில்லை. ஆயினும் ஆகஸ்ட் 30 அன்று சென்னை விமான நிலையத்தில் ரசிகர்களும் பள்ளி மாணவர்களும் திரண்டனர். கரகாட்டத்துடன் வரவேற்பு நடந்தது. தமிழ்நாடு அரசு 30 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது.

ரசிகர்களின் மகிழ்ச்சிக்குக் காரணம் இருந்தது. உலக வாகையாளருடன் மோதுபவரைத் தேர்ந்தெடுப்பது கேண்டிடேட்ஸ் தொடர். இறுதிச் சுற்றை எட்டியதால் பிரக்ஞானந்தாவுக்கு அதில் இடம் கிடைத்தது. இந்தியர்களில் அதற்குமுன் விளையாடியவர் விசுவநாதன் ஆனந்த் மட்டுமே.

2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த அத்தொடரை வென்றவர் மற்றொரு சென்னை வீரரான குகேஷ். அம்பத்தூருக்கு அருகிலுள்ள மேல் அயனம்பாக்கத்தில் பயின்ற இவர், அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வீழ்த்தி உலக வாகையாளரானார். அவர் ஊர் திரும்பியபோதும் விமான நிலையத்தில் ரசிகர் கூட்டம் காத்திருந்தது.